பதிவாகிவிட்டது

என் சக ஊழியர் ஒருவர், கணினியைத் திறந்ததும் முதல் வேலையாக அதிலுள்ள நாட்குறிப்பில் 'வந்துவிட்டேன்' என்று தட்டுகிறார். மேலாளர் நுழைந்தால், 'மேலாளர் வந்தார், முகம் சரியில்லை.' மின்விசிறி நின்றால் அதற்கும் ஒரு வரி. பிற்காலத்தில் யாராவது மின்விசிறியைப் பற்றி விசாரித்துவிட்டால்? பக்கத்து மேசைக்காரனான என்னைப் பற்றியும் நிறைய இருக்கிறதாம். கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் அலுவலகத்தில் புகாரை வாங்கி மெக்கானிக்கை அனுப்புவது இவர் வேலை. துண்டுச் சீட்டில் எழுதித் தொலைத்துக்கொண்டிருந்த மனிதர், கணினியில் நாட்குறிப்பு தொடங்கியதிலிருந்து ஆளே மாறிவிட்டார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'தேடல்'. "ஒரு வார்த்தை சொல்லுங்க, பூர்வீகத்தையே எடுத்துத் தர்றேன்" என்பார். தருவார். போன மழையில் யார் குடையை யார் கொண்டுபோனார் என்று எடுத்துக் காட்டி, இரண்டு நண்பர்களைப் பிரித்த புண்ணியம் அவருக்கு உண்டு.

ஒரே ஒரு சின்னக் குறை. எழுதி முடித்ததும் வேலையே முடிந்துவிட்ட நிம்மதி வந்துவிடும். "ஏத்திட்டேன்ல, இனிமே எங்க போகப்போகுது?" என்று சோம்பல் முறிப்பார். வாஸ்தவம்தான், எங்கேயும் போகாது. மெக்கானிக்கும் போகமாட்டார்.

நேற்று மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டார். அதை எடுத்துவந்த அவர் மனைவி, எங்கள் கட்டட லிஃப்டிலேயே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். போன் வந்தது.

"ஏங்க, லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள லைட்டும் இல்ல. பயமா இருக்கு, சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க."

"பதறாத, நான் பாத்துக்கறேன்."

தட்டத் தொடங்கினார். மெக்கானிக்குக்குத்தான் தகவல் அனுப்புகிறார் என்று நானும் நம்பினேன். அவர் அடித்ததோ நாட்குறிப்பில்: 'லிஃப்ட்: நின்றது. விளக்கு: இல்லை. புகார்தாரர்: மனைவி.' பிறகு தேட வசதியாக மூன்று குறிச்சொற்களும் போட்டுவிட்டுச் சோம்பல் முறித்தார்.

மறுபடி போன். அந்த அம்மாள் அழுவது என் மேசை வரை கேட்டது. "ஆள் கிளம்பியாச்சா இல்லையா?"

தேடினார். உடனே கிடைத்தது. "இதோ இருக்கும்மா. உன் புகார் பதிவாயிருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் கத்திக் கூப்பிட்டேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். "இங்கதானே சார் இருக்கேன், ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

வியர்த்துக் கொட்ட வந்த மனைவி டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

தேடலுக்கு முகம் வெளிறிவிட்டது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. விரல்கள் பழகிய இடத்துக்குப் போயின. 'தவறு என்னுடையது' என்று அடித்தார். கீழே 'முக்கியம்' என்று ஒரு குறிச்சொல் சேர்த்தார். கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்து, மனைவி படிக்கும்படி மெல்லத் திருப்பி வைத்தார்.