அப்பா இறக்கிய மணல்

என் அப்பா ஓர்வல் டீட்டர் இருபது வருடம் யுரேனிய ஆலையில் லாரி ஓட்டினார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'ஆலை மேற்பார்வையாளர்' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் 'பல் மருத்துவர்' என்று எழுதியதைப் பார்த்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

அப்பா பீன்ஸ் விளைவிக்கும் வறண்ட பண்ணையில் பிறந்தவர். பசிபிக் தீவுகளில் போர் முடிந்து திரும்பியவர், ஆற்றங்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். மலையில் தோண்டிய கல்லை ஆலை அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை அப்பா ஆற்றோரம் கொண்டுபோய்க் கொட்டுவார். அந்த மிச்சம் சாம்பல் நிற மணல். மாவு போல மென்மையாக இருக்கும். களிமண் கிடையாது, புல் விதை கிடையாது. கொத்தனார்கள் அதைக் கையில் அள்ளி விரல் வழியே விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஆலை வாசலில் ஒரு பலகை இருந்தது: 'மணல் இலவசம். வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம்.' லாரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தப் பலகையைத்தான்.

எங்கள் ஊரில் யாராவது வீட்டுக்குத் தளம் போட்டால், சனிக்கிழமை காலையில் தெருவே அங்கே இருக்கும். ஒருவர் கலவை இயந்திரம் கொண்டுவருவார், ஒருவர் பலகைகள், பெண்கள் சாப்பாடு. வெறுங்கையோடு போவது கேவலம். அப்பாவிடம் இருந்தது லாரி. சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொள்ள ஆலையில் விட்டார்கள். அப்பா மணல் கொண்டுபோனார்.

அவர் கூச்ச சுபாவக்காரர். தேவாலயத்தில் பாடமாட்டார், கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார். ஆனால் அவருடைய லாரி பின்பக்கமாக வந்து நிற்கும்போது எல்லோரும் கை தட்டுவார்கள். "டீட்டர் வந்தாச்சுடா, சோம்பேறிங்களா, எந்திரிங்க!" என்று முடிதிருத்தும் டென்சில் குரூம் கத்துவார். அப்பா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பார். காசு வாங்கவே மாட்டார். யாராவது நீட்டினால், "மண்ணுக்கு எவனாவது காசு வாங்குவானா?" என்பார். அதனால் வேறு ஏதாவது கொடுப்பார்கள். பாகில் போட்ட பீச் பழம், மான் கறி, ஒரு முறை நாய்க்குட்டி. ஊரில் அவருக்கென்று இருந்த மரியாதை அந்தச் சனிக்கிழமைகள்தான்.

1971 கோடையில் நான் வேதியியல் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பினேன். மாநிலச் சுகாதாரத் துறையில் மூன்று மாத வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் ஒரு கருவியை வைத்துக் கதிர்வீச்சை அளக்க வேண்டும். ஆலை மணல் அடியில் இருக்கும் வீடுகளில் அதன் முள் துள்ளியது.

முதல் வாரமே சாப்பாட்டு மேசையில் அப்பா கேட்டார்.

"அந்தப் பெட்டி என்ன சொல்லுது?"

"மணல் இருக்கிற எடத்துல முள்ளு எகிறுதுப்பா."

"எகிறுனா?"

"மணல்லருந்து ஒரு வாயு வருது. தரை விரிசல் வழியா வீட்டுக்குள்ள ஏறிடும். வருஷக்கணக்கா அதச் சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆகாது."

அப்பா உருளைக்கிழங்கை நாலாக வெட்டினார். பிறகு எட்டாக வெட்டினார்.

"முன்னாடி கவர்மெண்ட்லருந்து வந்து பாத்த ஆளுங்க ஒண்ணுமில்லேன்னுதானே சொன்னாங்க?"

"அப்ப அப்படிச் சொன்னாங்க."

"மாவிஸ், சாப்புடுறப்ப இந்தப் பேச்செல்லாம் வேணுமா?" என்று அம்மா என்னை அடக்கினார். அப்பா சாப்பிடவில்லை.

ஊர்க்காரர்கள் எங்களை உள்ளே விடவில்லை. அடுத்த தெரு லியோட்டா ஹன்சேக்கர், சின்ன வயதில் எனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவர், வாசலை மறித்து நின்றார். "கண்ணு, உன் பெட்டிய எடுத்துக்கிட்டு எடத்தக் காலி பண்ணு. முள்ளு ஆடிச்சுன்னு நீ எழுதிட்டா இந்த வீட்ட எவன் வாங்குவான்?"

எந்தெந்த வீட்டில் மணல் இருக்கிறது என்று தெரியாமல் எங்கள் அதிகாரி கார்ட்ரைட் தவித்தார். "இவ்வளவு வீட்டுக்குள்ள இது எப்படிப் போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"யாரோ ஒரு லாரி டிரைவர் சனிக்கிழமைகள்ல கொண்டுபோய்க் குடுத்தாராம் சார்" என்றேன், எங்கோ கேள்விப்பட்டதைச் சொல்வதுபோல. என் அப்பா மேற்பார்வையாளர் என்றுதான் அவருக்குத் தெரியும். வேலை விண்ணப்பத்திலும் அதையேதான் எழுதியிருந்தேன், அது அவரிடம் இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டார்கள். மேடையில் கார்ட்ரைட்டும் ஆலையின் வக்கீலும். மேடைக்குக் கீழே ஒரு மேசையில் நான், குறிப்பெடுக்க. சட்டையில் 'மாவிஸ் டீட்டர்' என்று பெயர் அட்டை. அப்பாவும் அம்மாவும் மூன்றாவது வரிசையில்.

டென்சில் குரூம் எழுந்தார். "ஆலைதானேய்யா மணலக் குடுத்துச்சு? இப்ப எங்க வீட்ட வந்து நோண்டுறீங்க?"

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வீட்டுக்கு அடியில் போடச் சொல்லி ஆலை யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை என்றார். கார்ட்ரைட் தலையாட்டினார். "எங்களுக்குக் கிடைச்ச தகவல்படி, ஒரு டிரைவர் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோய் ஊரெல்லாம் கொட்டியிருக்கார். அது யாருன்னு தெரிஞ்சா வேல சுலபமாயிடும்."

அந்த டிரைவர் யாரென்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

ஆலை வாசலில் அந்தப் பலகை இருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தத் தகவலைக் கொடுத்தவளே நான்தான். பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

அப்பா எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"அது நான்தாங்க."

"உங்க பேரு?"

"ஓர்வல் டீட்டர். ஆலையில லாரி ஓட்டுறேன்."

கார்ட்ரைட் என் பக்கம் திரும்பினார். என் பெயர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அப்பாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். "எந்தெந்த வீடுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த மிஸ் எழுதிக்கிட்டாங்கன்னா சொல்லிடுறேன்" என்றார்.

மிஸ். நான் பிறந்த நாளிலிருந்து என்னை அறிந்த முந்நூறு பேர் முன்னால் என் அப்பா என்னை யாரோ ஒரு பெண்ணைப்போல அப்படிக் கூப்பிட்டார்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். யார் என்ன கொடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் அவருக்கு வீடுகள் ஞாபகம் இருந்தன.

"ஹன்சேக்கர் வீடு. மூணு லோடு, கீழ் ரூமுக்கு அடியில. லியோட்டா ரெண்டு பாட்டில் பீச் குடுத்தா. குரூம் வீடு, கார் நிறுத்துற எடம். டென்சில் ஒரு வருஷம் எனக்குச் சும்மா முடி வெட்டிவிட்டான்."

"அதான் அந்த லட்சணத்துல இருந்துச்சா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்க வெளையாடுற மணல் தொட்டி. அதுக்கு ஒண்ணும் வாங்கல."

சிரிப்பு நின்றது. லியோட்டா உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஓர்வல், அந்தக் கீழ் ரூம்லதான் எங்க பேத்தி தூங்குறா."

"தெரியும் லியோட்டா."

"தெரிஞ்சா கொண்டாந்து போட்ட?"

"அப்ப தெரியாது. இப்ப ரெண்டு மாசமாத் தெரியும். வந்து சொல்ல வாய் வரல." அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "சந்தோஷமா வாங்கிக்கிட்டீங்க எல்லாரும். அத எப்படி வந்து சொல்றது?"

நாற்பத்தோரு வீடுகள் எழுதினேன். கடைசியாக அவர் சொன்னார்: "டீட்டர் வீடு. பொண்ணுக்குத் தனி ரூம் வேணும்னு பின்னால ஒண்ணு கட்டினேன். அதுக்கு மட்டும் சலிச்சுப் போட்டேன்."

அந்த வரியை எழுத எனக்கு நேரம் பிடித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேட்டேன், "ஏம்ப்பா என்ன மிஸ்னு கூப்பிட்டீங்க?"

"நீ குனிஞ்சுக்கிட்டியே. உனக்கு அங்க என்ன கஷ்டமோன்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் போனதும், "உன் வேல போயிடாதுல்ல?" என்றார்.

வேலை போகவில்லை. மறுநாள் கார்ட்ரைட்டிடம் பலகையைப் பற்றியும் விண்ணப்பத்தைப் பற்றியும் சொன்னேன். இரண்டையும் எழுதித் தரச் சொன்னார். முந்நூறு பேர் முன்னால் பேசாததை மூடிய அறையில் ஒருவரிடம் சொன்னதற்கு என்ன மதிப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்றே அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு, வீடுகளை அளக்க என்னோடு வந்தார். "நான் தட்டுனா தொறப்பாங்க" என்றார். முதலில் ஹன்சேக்கர் வீடு. லியோட்டா கதவைத் திறந்து அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீ இப்ப யாரோட வந்திருக்கே? அரசாங்கத்தோடயா?"

"எங்க அப்பாவோட."

"என்ன? கேக்கல."

"எங்க அப்பாவோட வந்திருக்கேன்."

அவர் வழிவிட்டார். கீழ் அறையில் குழந்தையின் கட்டில் சுவரோரம் இருந்தது. கருவியைத் தரையில் வைத்தேன். முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டு அங்கேயே நடுங்கியது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பா தொப்பியை ஆணியில் மாட்டினார். "மேல எங்க போடணும், சொல்லு" என்றார். லியோட்டா கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். அப்பா மறுமுனையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே படியேறினார்.

நான் முள்ளின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். கருவியை வைத்துவிட்டு நானும் ஒரு பக்கம் பிடித்திருக்கலாம். அது எனக்குத் தோன்றியபோது அவர்கள் பாதிப் படி ஏறிவிட்டிருந்தார்கள்.