அதிகாரி வீட்டு ஆமைக்குட்டிகள்

அந்த நான்கு ஆமைக்குட்டிகளும் எங்கள் வீட்டுக்கு ஒரு தேயிலைப் பெட்டியில் வந்தன. என் கணவர் அதைத் தலையில் சுமந்து வந்தார். அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர், வீட்டில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கிவைத்து நான் பார்த்ததில்லை. அந்தமானில், ஷாதிபூர் மேட்டில் மழைச் சகதியில் வழுக்கி வழுக்கி ஏறிவந்து, அடுப்படி வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"சாரும் மேம்சாபும் லீவுல மெயின்லேண்டு போறாவ. நாலு மாசம். அதுவரைக்கும் இதுகளை நாமதான் பாத்துக்கிடணும்."

மூடியைத் திறந்தேன். முதலில் நாற்றம்தான் வந்தது. ஈரச் சாக்கு, புளித்த பால், அதற்கும் அடியில் செத்த எலியைப் போல ஒரு அழுகல். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் நான்கு ஓடுகள். அதில் இரண்டு, ஊரில் தேரிக்காட்டுப் பக்கம் திரியும் கட்டாமை. ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள் வரைந்ததுபோல் இருக்கும். அதிகாரியின் பிள்ளைகள் விளையாட மதராஸிலிருந்து கப்பலில் வந்தவை. மூன்றாவது வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் நீள உடம்பாக இருந்தது. பர்மாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களில் ஒரு காண்டிராக்டர் அதிகாரிக்குக் கொடுத்த அன்பளிப்பாம். நான்காவது கறுப்பு. முகத்தில் மஞ்சள் கோடுகள். கார் நிக்கோபாரிலிருந்து கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாவ. தெரியாதா உங்களுக்கு?" என்றேன்.

"அது சொந்த வீட்டுக்கு. இது கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து டைப் அடித்த ஒரு தாளை எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டினார். காலையில் பாலில் ஊறிய ரொட்டி, மாலையில் சோறும் வாழைப்பழமும், நான்குக்கும் ஒரே பெட்டி, ஒரே தட்டு. அதிகாரியின் மனைவி சொல்ல, இவரே டைப் அடித்தது.

அந்தத் தாளின்படி பத்து நாள் செய்தேன். ஆமைக்கும் வயிற்றால் போகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பால் ரொட்டியைத் தின்றுவிட்டு நான்கும் பச்சையும் மஞ்சளுமாகக் கழிந்தன. கழிந்ததன் மேலேயே நடந்தன, அந்தக் காலோடு தட்டில் ஏறி மறுபடியும் தின்றன. அதில் வெள்ளை நூல்போலப் புழுக்கள் நெளிந்தன. கறுப்பு குடிதண்ணீர்த் தட்டில் போய் உட்கார்ந்து அதைச் சாக்கடையாக்கும், கட்டாமைகள் அதையே குடிக்கும். தினம் இருமுறை பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, வேப்பிலை கிடைக்காத அந்த ஊரில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த கையால் சோறு பிசைய முடியவில்லை. கரண்டியால் சாப்பிடத் தொடங்கினேன். இவர் ஒருநாள்கூடப் பெட்டிக்குள் கைவிடவில்லை. ஆபீசுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்து எண்ணுவார். நான்கும் இருந்தால் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ரங்கூனிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தாள். பூர்வீகம் சிவகங்கைப் பக்கம், பிறந்து வளர்ந்தது முழுக்க பர்மா. நான் பெட்டி கழுவுவதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். மஞ்சள் ஆமையைப் புரட்டி அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"தங்கச்சி, இதுக்கு யாரு பால் ஊத்தச் சொன்னா? ஓடு ஊறுன அப்பளமாட்டம் அமுங்குது பாரு. எங்க ஊருல இது மூங்கில் காட்டுல ஈர இலைக்குள்ள கெடக்கும். காளான் திங்கும், நத்தை திங்கும். அந்தக் கட்டாமை வெயில்ல கெடக்குற சாதி. இந்தக் கறுப்பு தண்ணிச் சாதி. மூணு சாதியையும் ஒரு பெட்டியில போட்டா எப்படி?"

அன்று சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"சார் எழுதிக் குடுத்ததை நீ மாத்துவியா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுதது?"

"எழுதுனது சார் இல்ல, நீங்கதான்."

தாள் சுவரிலேயே இருந்தது. கட்டாமை இரண்டுக்கும் மூக்கில் சளி குமிழ் குமிழாக வந்து உடைந்துகொண்டிருந்தது. சின்னதாக இருந்தது வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. ஒருநாள் காலையில் கழுத்து வெளியே தொங்கியபடி அது கிடந்தது. அதன் கண்ணில் எறும்பு ஏறியிருந்தது. மற்ற மூன்றும் அதன்மேல் ஏறி மிதித்துத் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

இவர் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொல்லைப் பக்கம் எடுத்துப்போனார். புதைக்கிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பிவருவதற்குள் சுவரில் இருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். திரும்பி வந்தவர் வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

அன்றே மூன்றையும் பிரித்தேன். எஞ்சிய கட்டாமைக்கு அந்தத் தேயிலைப் பெட்டி. அடியில் நன்றாக வறுத்து ஆறவைத்த மணல் பரப்பி, அடுப்புச் சுவரின் மறுபக்கம் சூடு படும் இடத்தில் வைத்தேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் தூக்கிப்போய் வாசலில் வைப்பேன். புல், செம்பருத்தி இலை, முருங்கைக் கீரை. ஓடு கெட்டிப்பட, கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொடித்து இலைமேல் தூவச் சொன்னாள் அக்கா. மஞ்சளுக்குக் கொல்லையில் பாக்குமரத்தடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. உள்ளே மட்கிய இலை, மேலே நனைத்த சாக்கு, சுற்றிலும் தகரம். கறுப்புக்கு, துணி துவைக்கும் உடைந்த சிமெண்டுத் தொட்டி. நாலு விரல் தண்ணீர், ஏறி உட்கார ஒரு சாய்வான கல், மேலே வலை.

பிரித்தது சரிதான். ஆனால் அதற்குப் பிறகுதான் என் அருவருப்பு வளர்ந்தது. பெட்டியில் இருந்தவரை எல்லாம் ஒரே நாற்றம். இப்போது மூன்றும் தனித்தனியாக நாறின.

கறுப்புக்கு மீன் வேண்டும். குட்டியாக இருக்கும்போது அது கீரையைச் சீண்டாதாம். ஷாதிபூர் இறக்கத்தில் மீன் விற்கும் தூத்துக்குடிக்காரர் வாழையிலையில் குடலும் செதிலும் பொதிந்து தருவார். வாழ்நாளில் மீன் தொட்டிராத நான் அதை நகத்தளவுக்குக் கிள்ளித் தொட்டியில் போட்டேன். அது முன்னங்கால் நகத்தால் குடலைப் பிய்த்து, பாதியைத் தின்று பாதியை மிதக்கவிடும். மத்தியானத்துக்குள் தண்ணீரில் எண்ணெய் படலம் கட்டிவிடும். தினமும் மாற்றவேண்டும். கையில் எடுத்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு நாற்ற நீரைப் பீச்சிவிட்டு, அடியோட்டைக் கதவுபோலச் சாத்திக்கொள்ளும். ஒருமுறை என் சுண்டுவிரல் நுனி அந்தக் கதவில் மாட்டிக்கொண்டது. அது திறக்கும்வரை சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சளுக்கு நத்தை. மழைக்காலத்தில் அந்தமானில் நத்தைக்குப் பஞ்சமில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் கொண்டுவந்து விட்டது என்பார்கள். கோலிக்குண்டு அளவிலிருந்து கைப்பிடி அளவுவரை, கக்கூஸ் சுவர், பப்பாளி மரம், துணிக்கொடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பொறுக்கி, அம்மிக்குழவி மாதிரி ஒரு கல்லால் ஓட்டை நசுக்கி, ஓட்டுச் சில்லை எடுத்துவிட்டுக் கொடுக்கவேண்டும். முதல்நாள் அக்கா செய்து காட்டினாள். இரண்டாம் நாள் நான் செய்தேன். கல்லுக்கடியில் அது நசுங்கும் சத்தம், சதை சுருங்கிக்கொண்டே நுரை கக்குவது, விரலிடுக்கில் நூலாக இழுபடும் கோழை. சோப்புப் போட்டால் அந்தக் கோழை இன்னும் வழவழக்கும். உப்பும் புளியும் போட்டுத் தேய்த்தால்தான் போகும். மஞ்சள் ஆமை அதை வாயில் கவ்வி, இரண்டு முன்னங்கால்களாலும் தள்ளித் தள்ளி இழுத்து, கோழை தாடியாகத் தொங்க மென்று தின்னும். பார்க்கவேண்டாம் என்று நினைப்பேன். ஒரு நாளாவது பார்க்காமல் வந்ததில்லை.

ஒருநாள் பெருமழையில் கொல்லை வாய்க்கால் உடைத்துக்கொண்டு மஞ்சளின் குழிக்குள் தண்ணீர் புகுந்தது. வேறு வழியில்லாமல் அதைத் தூக்கிக் கட்டாமையோடு போட்டேன். ஒரு மத்தியானம்தான். சாயங்காலம் பார்த்தால் கட்டாமையின் பின்னங்காலில் சதை பிய்ந்திருந்தது. மஞ்சள்தூள் வைத்துக் கட்டினேன். கட்டு நிற்கவில்லை. நாலாம் நாள் அது காலை இழுத்து நடந்தது. புரட்டிப் பார்த்தேன். காயத்துக்குள் அரிசிபோலப் புழுக்கள், தலைகீழாகப் புதைந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

இவர் ஆபீசிலிருந்து வந்திருந்தார். "கொஞ்சம் இதைப் பிடிங்க," என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றார்.

"அது பிழைக்காதுளா. விட்டுரு."

"விட்டா உங்க சாருக்கு என்ன சொல்லுவிய?"

"ஓடு இருக்கும்லா," என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை. கட்டாமையை மடியில் மல்லாத்தி முழங்கால்களால் இடுக்கிக்கொண்டு, கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து ஒவ்வொன்றாகக் கெல்லினேன். பதினேழு வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. அது தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. என் புடவையில் மூத்திரம் பெய்தது. உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சள்தூளும் தேங்காயெண்ணெயும் குழைத்து அப்பினேன். அந்தக் கொண்டை ஊசியைப் பிறகு நான் தலையில் செருகவில்லை. புடவையையும் எரித்துவிட்டேன். எட்டு நாளில் காயம் காய்ந்தது.

மறுவாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் வாசல் படியில் உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். தேங்காயெண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. போய்ப் பார்த்தேன். செத்த கட்டாமையின் ஓடு. அவர் அதைப் புதைக்கவில்லை. கொல்லை மூலையில் செவ்வெறும்புப் புற்றின்மேல் கவிழ்த்து வைத்து, எறும்பு உள்ளே எல்லாவற்றையும் அரித்துத் தின்ற பிறகு எடுத்து, அடியோட்டைப் பெயர்த்துவிட்டுக் கழுவியிருந்தார். நட்சத்திரங்கள் பளபளத்தன. ஆமையையோ நத்தையையோ விரலால் தொடாதவர், அந்த ஓட்டின் உள்விளிம்பைத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாருக்குப் பிடிக்கும்," என்றார்.

அன்று அவருக்குச் சோறு பரிமாறும்போது அவர் விரல்களைப் பார்க்க என்னால் முடியவில்லை. நத்தையைப் பார்த்து வந்த குமட்டல் கை கழுவினால் போய்விடும். இது அப்படிப் போகவில்லை.

அதிகாரியின் குடும்பம் திரும்பி வந்த மறுநாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் அவர்கள் பங்களாவுக்குப் போனோம். கட்டாமையும் மஞ்சளும் ஒரு கூடையில், நடுவே பலகைத் தடுப்பு. கறுப்பு, தண்ணீரோடு ஒரு அலுமினியக் குண்டானில் என் இடுப்பில். வராந்தாவில் அதிகாரியின் மனைவி கூடையை எட்டிப் பார்த்தாள். "சீ, கித்னா படா ஹோ கயா," என்றாள். எவ்வளவு பெரிதாகிவிட்டன என்று. பிள்ளைகள் இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஊரிலிருந்து அவர்களுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருந்தது.

இவர் கைக்குட்டையைப் பிரித்து ஓட்டை நீட்டினார். ஒன்று மட்டும் தவறிவிட்டது என்று தலையைச் சொறிந்தபடி சொன்னார். அதிகாரி ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஹுத் அச்சா," என்று இவர் தோளில் தட்டினார். பிறகு அதை மல்லாத்தி மேசைமேல் வைத்து, விரலிடுக்கிலிருந்த சிகரெட்டின் சாம்பலை அதில் தட்டினார். இவர் சிரித்தார். பல் முழுவதும் தெரிய, சத்தமில்லாமல்.

அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம். அடுத்த மாதம் புறப்படுகிறார்கள். உயிரோடிருக்கும் மூன்றையும் என்ன செய்வது என்று அவர் மனைவி கேட்டாள். மஞ்சளின் கறி நன்றாக இருக்கும், சமையல்காரனிடம் கொடுத்துவிடு, மற்றதைக் காட்டில் எறி என்று அதிகாரி இந்தியில் சொன்னார். சமையல்காரன் வந்து கூடைக்குள் குனிந்தான்.

அதுவரை அந்த வீட்டில் நான் வாய் திறந்ததில்லை. எனக்குத் தெரிந்த இந்தியும் சந்தையில் பேசுமளவுக்குத்தான். "நஹி சாப்," என்றேன். "ஏ மேரா ஹை." இவை என்னுடையவை. கூடையை எடுத்து மறு இடுப்பில் வைத்துக்கொண்டேன். குண்டானிலிருந்து தண்ணீர் அலம்பி அவர்கள் வராந்தாவில் கொட்டியது. மீன் நாற்றம் குப்பென்று எழுந்தது. அதிகாரியின் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, போ போ என்று கையை அசைத்தாள்.

வீட்டு வாசலில் இவர், "உனக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாதே, அப்புறம் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"ஆகாதுதான்," என்றேன்.

கறுப்பை நிக்கோபாருக்குப் போகும் கப்பலில் வேலைபார்த்த ஒருவரிடம் கொடுத்தேன். கார் நிக்கோபாரில் ஓர் ஓடையில் விட்டதாகத் திரும்பி வந்து சொன்னார். கட்டாமையை இன்னும் ஒரு வருஷத்துக்குமேல் வைத்திருந்து, நாங்கள் லீவில் ஊருக்குப் போனபோது கப்பலில் மூன்று நாள் பைக்குள் சுமந்தேன். துணியெல்லாம் எச்சமாக்கியது. எங்கள் ஊருக்குக் கிழக்கே உடைமரக் காட்டில் இறக்கிவிட்டதும், பிய்ந்த காலை லேசாக இழுத்துக்கொண்டே நிழலுக்குள் போய்விட்டது.

மஞ்சளை ரங்கூன் அக்கா முன்பே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டுக் கொல்லையில் அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்தது. "வந்து பாரேன் தங்கச்சி, நீ நத்தை நசுக்கிப் போட்டு வளத்த பிள்ளை," என்று வேலியோரம் நின்று கூப்பிடுவாள். ஒருநாள் போனேன். அது இலைக்குள்ளிருந்து கோழை வழியும் வாயோடு தலையை நீட்டியது. அக்கா கொடுத்த காபியைக் குடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.