உமிச் சாம்பலில் ஆறிய பிளாஞ்சு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு எங்கள் பக்கம் குறுவை அறுப்பு என்றால் முதலில் வயலில் இறங்குவது என் மிஷின்தான். டிராக்டரில் கிளீனராக ஏறி, டிரைவராகி, டிராக்டருக்கே சொந்தக்காரனாகி, அப்புறம் அறுவடை மிஷின்களை வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்தியவன். இதையெல்லாம் நானேதான் சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது.

அப்படிப்பட்டவனை ஒரு பழைய கார் பாடாய்ப் படுத்தியது. பண்ணை வீடு ஒன்றின் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த கறுப்பு வண்டி. வாங்கி வந்து, என்ஜினைப் பிரித்துச் சேர்த்து, ஓடவும் வைத்துவிட்டேன். எனக்கு எழுபது நிறைந்ததும் திருக்கடையூரில் சாந்தி செய்வதாக ஏற்பாடு. மனைவியை அந்தக் காரில்தான் அழைத்துப் போகப்போகிறேன் என்று டீக்கடையிலிருந்து கூட்டுறவு வங்கி வரை சொல்லி வைத்திருந்தேன்.

அவளுக்கோ இழுப்பு. அடுப்புப் புகை பட்டாலே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். முதல் தடவை ஏற்றிக்கொண்டு போனபோது வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது. இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். பானெட்டைத் திறந்து பார்த்தேன். என்ஜினிலிருந்து புகையை வாங்கி சைலன்சருக்குத் தள்ளும் வார்ப்பிரும்புக் குழாய் நீளவாக்கில் வெடித்திருந்தது. புகை அத்தனையும் வண்டிக்குள்ளேயே வந்திருக்கிறது.

"நீங்க கார்ல வாங்க, நான் பஸ்ல வர்றேன். கோயில் வாசல்ல பாத்துக்குவோம்" என்றாள்.

"அப்ப நான் மாலைய யாருக்கு மாத்துறதாம்?"

"காருக்கே மாத்துங்க."

இதற்கு மேல் ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா?

அந்தக் குழாய் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. சரி, இரும்பு பைப்பை வளைத்து நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். பைப்பு பெரிய காரியமில்லை, பிளாஞ்சுதான் காரியம். பிளாஞ்சு என்பது பைப்பின் நுனியில் ஒட்டி, போல்ட் போட்டு என்ஜின் வாயோடு இறுக்குகிற கனத்த தகடு. அது மட்டமாக உட்கார்ந்தால்தான் புகை கசியாது. இந்த என்ஜினின் வாய் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, பாதி தேய்ந்த குளியல் சோப்பு மாதிரி இருந்தது.

வீட்டில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். நல்ல கனத்த அட்டை. என்ஜின் முகத்தில் கிரீஸைத் தடவி, அட்டையை வைத்து அழுத்தினேன். வாயும் போல்ட் துளைகளும் அப்படியே பதிந்துவிட்டன. அதோடு திருச்சியில் லேசரில் தகடு வெட்டும் இடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், மேல இருக்கிற பிள்ளையாரையும் சேத்து வெட்டணுமா?"

"அவர விட்டுடும்மா. போல்ட் போட்டா கோவிச்சுக்குவார்."

சிரித்தபடியே அளவெடுத்துப் படமாக்கினாள். "எதுக்கும் ரெண்டு செட்டா வெட்டிக்குங்க சார்" என்றாள். நான் கை வைத்தால் ஒரு செட்டே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அக்கறையாகச் சொல்கிறதே என்று தலையாட்டிவிட்டேன்.

பைப்பை ஒட்டியது எங்கள் ஊர் வெல்டர். நடவுக்குச் சேறடிக்கும் டிராக்டரில் மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை ஒட்டுவதில் அவனை அடிக்க ஆளில்லை. சீசனில் சக்கரம் உடைந்து வந்தால் ஒட்டிய கையோடு வாய்க்காலில் தூக்கிப் போடுவான். புஸ்ஸென்று ஆவி கிளம்பும், சக்கரம் உடனே வயலுக்குப் போய்விடும். அன்றைக்கும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. சிவக்கச் சிவக்க இருந்த பிளாஞ்சை அப்படியே தண்ணீரில் போட்டான். ஆவி அடங்கும் வரை நானும் பக்கத்தில் நின்று ரசித்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியின் நிலைக்கண்ணாடியைத் தரையில் படுக்கப்போட்டு அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஆடியது. ஓரத்தில் ஒரு தீக்குச்சி தாராளமாக உள்ளே போனது.

"கால் ஒடிஞ்ச கட்டில் மாதிரி ஆடுது. இத நம்பியா என்ன ஏறச் சொல்றீங்க?" என்றாள். கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் வெல்டரும் அந்தத் தீக்குச்சியை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணே, சூட்டோட தண்ணியில போட்டதுல கோணிக்கிச்சு. சக்கரம் கோணினா சேறு கண்டுக்காது. இது கண்டுக்கும்போல."

இரண்டாவது செட்டை எடுத்தோம். பழைய பம்பு செட்டின் அடித்தகடு ஒன்று என் கொட்டகையில் கிடந்தது, யானை மிதித்தாலும் வளையாது. அதில் துளை போட்டு, பிளாஞ்சைப் போல்ட்டால் இறுக்கி, பைப்பை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாக மாற்றி மாற்றி ஒட்டச் சொன்னேன். முடிந்ததும் அவன் கை மறுபடி வாய்க்கால் பக்கம் போனது.

"டேய், தண்ணி கிட்டயே போவாத!"

"பழக்கதோஷம்ண்ணே."

ரைஸ்மில்லில் மலையாகக் குவிந்து கிடக்கும் உமிச் சாம்பல், மேலே கறுத்துவிட்ட பிறகும் உள்ளே விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கும். சாம்பலுக்குள் சூடு மெல்லத்தான் இறங்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இரண்டு மூட்டை வரவழைத்து, தகட்டோடு சேர்த்துப் புதைத்து வைத்தோம். அந்த யோசனை தன்னுடையது என்று வெல்டர் இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். இல்லை, என்னுடையதுதான்.

நன்றாக ஆறிய பிறகு போல்ட்டைக் கழற்றி, தஞ்சாவூர் லேத்தில் கொடுத்து முகத்தை மயிரிழை அளவு சீவி வாங்கினேன். திரும்பவும் நிலைக்கண்ணாடி, திரும்பவும் தீக்குச்சி. சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்த்தும் நுழையவில்லை. அன்றைக்கே என்ஜினில் மாட்டி முடுக்கினேன். சத்தம் சீராக இருந்தது. புகை, போக வேண்டிய வழியாகப் பின்னால் போனது.

திருக்கடையூருக்குக் கிளம்பிய அன்று பட்டுப்புடவையோடு முன் சீட்டில் ஏறினாள். ஒரு கையில் இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்து. இன்னொரு கையால் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டாள்.

"பஸ்ஸுக்குச் சில்லறையும் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

வண்டியை எடுத்தேன். பாபநாசம் போயிற்று, முந்தானை இறங்கவில்லை. அவள் மூச்சு எப்படி வருகிறது என்று காது கொடுத்துக்கொண்டேதான் ஓட்டினேன். ரோட்டைப் பார்த்தேனோ இல்லையோ, அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தாராசுரத்தில் கூட்டத்துக்காக வேகத்தைக் குறைத்தபோது அவள் கையைத் தாழ்த்தினாள்.

"மல்லிப்பூ வாசனை வருது. ஓரமா நிறுத்துங்க."

சட்டென்று நிறுத்தினேன். புகை அடைத்த அதே வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பூ வாசனை பிடிக்கிறாள்! பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையைக் கொடுத்துப் பூ வாங்கினாள். கொஞ்சம் தலையில் வைத்துக்கொண்டு, மீதியை முன்கண்ணாடிக்கு மேலே கட்டினாள்.

"காருக்கு மாலை போட்டாச்சு. உங்களுக்கு அங்க வந்து போடுறேன், எடுங்க வண்டிய" என்றாள்.