நாற்பத்திரண்டு பண்டல், ஒன்பது பெட்டி

1. முதல் நாள்

இன்டீரியர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேடம் என்னை ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டுக்குக் கூட்டிப் போனார். மேடம்தான் எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர், தலைமை டிசைனர், சில நாள் டிரைவரும்கூட. மூன்று மாடி வீடு. மாஸ்டர் பெட்ரூமில் கட்டிலைச் சுற்றிப் பதினோரு அட்டைப்பெட்டி. எல்லாம் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-ஷர்ட். ஒரு பெட்டியைத் தாண்டினால்தான் கட்டிலில் ஏற முடியும்.

"தூக்கமே இல்லீங்க மேடம்," என்றார் அந்த வீட்டு அம்மா. "கண்ணை மூடுனாலும் கம்பெனி, முழிச்சாலும் கம்பெனி. இவரு கட்டிக்கிட்டது அதைய. நான் என்ன பாவம் பண்ணுனனுங்க?"

முதலாளி சிரித்தார். "குடோன்ல எடமில்லீங்க. இவ தூங்கற எடத்துலதான் காலியா இருந்துச்சு."

அன்று மேடம் சொன்ன இரண்டு விதிகளை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று: படுக்கிற அறையில் கண் போகிற இடத்தில் வேலை தெரியக் கூடாது. இரண்டு: ஒரே மாதிரிப் பொருள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து அந்த டி-ஷர்ட்டுகளை நிறம் நிறமாக, சைஸ் சைஸாகப் பிரித்தேன். முக்கால்வாசி வீட்டை விட்டுப் போனது. மீதி ஒரு லாஃப்டுக்குள் அடங்கியது. ஜன்னலுக்குக் கனமான திரை, தலைமாட்டில் மஞ்சள் விளக்கு.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, நீங்கதானுங்களா பெட்டியெல்லாம் பிரிச்சது? எத்தனையோ வருசம் கழிச்சு ஒரே மூச்சுல விடியற வரைக்கும் தூங்குனனுங்க. அதையச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்த படிப்பு ஒருவரைத் தூங்க வைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெருமைதான் அடுத்து நடந்ததற்கெல்லாம் காரணம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு இதை எழுத வேண்டும் என்று நினைத்ததும் அதனால்தான்.

2. எங்கள் வீடு

நல்லூரில் லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அப்பாவுக்குத் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலை எட்டேகாலுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார். அதே அறையில் அம்மா ஓவர்லாக் மெஷினில் குழந்தைச் சட்டை தைப்பார். மெஷின் எங்களுடையது அல்ல. எங்கள் தெருவிலேயே சின்ன யூனிட் வைத்திருக்கும் குமாரண்ணன் கொடுத்து வைத்திருந்தது. கம்பெனியில் வெட்டிய துணியை அவர் வாங்கிவந்து எங்கள் வீட்டில் பண்டல் பண்டலாக இறக்குவார். அம்மா தைத்துக் கொடுப்பார். பதினான்கு வருடமாக இப்படித்தான்.

அப்பா படுப்பது மெஷினுக்கும் பண்டலுக்கும் நடுவே விட்ட இடத்தில். ஒருக்களித்துப் படுத்தால்தான் கால் நீட்டலாம். மூஞ்சியில் துண்டைப் போட்டுக்கொள்வார். தைக்கிற சத்தத்தோடு அவர்கள் பேச்சும் நடக்கும்.

"தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன்."

"தூங்குனவரு எப்படிப் பதில் சொல்றீங்க?"

"நீ கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?"

அந்த வருடம் அப்பா மெஷினிலேயே கண்ணயர ஆரம்பித்தார். ஒருமுறை ஊசி உடைந்தது தெரியாமல் ஒரு ரோல் முழுவதும் கோடு விழுந்துவிட்டது. "சூப்பர்வைசர் கேக்கறான், ஏனுங்கண்ணா, நீங்க மெஷினைப் பாத்துக்கறீங்களா, மெஷின் உங்களைப் பாத்துக்குதானு," என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா ஆச்சுன்னா நிறுத்திருவாங்களா?" என்றார். அப்பா துண்டை மூஞ்சியில் போட்டுக்கொண்டார்.

ஊரார் பெட்ரூமை எல்லாம் சரி செய்கிறோம், அப்பா தூங்க ஓர் இடம் செய்ய முடியவில்லையே என்று எனக்கு ஆற்றாமை. மூலனூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை கிளம்பினார்கள். ஞாயிறு சாயங்காலம்தான் வருவார்கள். மேடத்திடம் கேட்டு, சைட்டில் மிஞ்சிய பிளைவுட்டும் ஒரு திரையும் வாங்கி வந்தேன்.

ஒன்றரை நாள். மெஷினை ஜன்னல் மூலைக்கு நகர்த்தி, பிளைவுட்டால் தடுப்பு அடித்தேன். தடுப்புக்கு உள்பக்கம் சத்தம் குறைய ஃபோம் ஷீட். மறுபக்கம் அடியில் டிராயர் வைத்த கட்டில், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். கட்டில் பக்கச் சுவருக்கு வெளிர் பச்சை. நூல் கண்டுகளுக்குத் தடுப்பிலேயே ஆணி வரிசை.

மிஞ்சியது பண்டல்கள். நாற்பத்திரண்டு. கழிவுத் துணி நாடாவால் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு செருகியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் முன்பக்கம், பின்பக்கம், கை, எல்லாம் கலந்திருந்தன. மூன்று சைஸ். நிறம் ஒன்றே, வெளிர் நீலம். இத்தனை வருடமாக அம்மா ஒவ்வொரு கட்டாகப் பிரித்துத் தேடித் தைக்கிறாரே என்று நினைத்தேன். எல்லாக் கட்டையும் அவிழ்த்தேன். முன்பக்கம் எல்லாம் ஒன்றாக, பின்பக்கம் எல்லாம் ஒன்றாக, கை எல்லாம் ஒன்றாக. மூன்று பாகம், மூன்று சைஸ், ஒன்பது பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் படமும் வரைந்தேன். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. நாடாவையும் சீட்டையும் கோணிப்பையில் அள்ளி ஞாயிறு காலை குப்பை வண்டியில் போட்டேன்.

துணி ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சீட்டு என்னவென்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. சின்ன வயதில் நான் பண்டல் பக்கம் போனால் அம்மா கையைத் தட்டிவிடுவார். "நீ இதையத் தொடாத கண்ணு. போய்ப் படி." அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டினார்கள். நான் படித்தேன்.

3. "சீட்டு எங்க கண்ணு?"

ஞாயிறு சாயங்காலம் வந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "இது நம்ம ஊடுதானா?" என்று கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு படுத்துக் காலை நீட்டினார். எதிலும் இடிக்கவில்லை.

அம்மா கட்டிலைத் தொட்டார், திரையைத் தொட்டார். "ரொம்ப நல்லாருக்குது சாமி," என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "பீஸ் எங்க வெச்ச?"

டிராயரை இழுத்துக் காட்டினேன். அம்மா ஒரு பெட்டியைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். மூன்றாவதைத் திறக்கவில்லை.

"சீட்டு எங்க கண்ணு?"

"அதெல்லாம் குப்பைங்கம்மா. காலையிலேயே வண்டியில போட்டுட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா சொன்னார்.

சாயப்பட்டறையில் ஒரே நீலத்தைப் பத்துத் தடவை போட்டால் பத்து நீலம் வரும். ரோலுக்கு ரோல் ஒரு மயிரிழை வித்தியாசம். ஒரு சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் கையும் ஒரே ரோலில் வெட்டியதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு ரோலின் பாகங்களையும் ஒன்றாகக் கட்டி, ரோல் நம்பர் எழுதிய சீட்டைச் செருகுவார்கள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். நான் கலைத்தது குழப்பத்தை அல்ல, ஒழுங்கை.

"பையன் ஆசையாப் பண்ணிருக்கான். உடு," என்றார் அப்பா.

"ஆசையாத்தான் பண்ணிருக்கான். யாரு இல்லேன்னது?"

"நான் போய்க் குமாரண்ணன்கிட்ட சொல்லிடறேங்கம்மா," என்றேன்.

"வேண்டாம். அவரு உன்னைய ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தாங்காது. நான் வெளிச்சத்துல வெச்சுப் பாத்துச் சேத்திருவேன்."

அந்த இடத்தில் நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. அம்மா தடுத்ததால் போகவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தடுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் நிஜம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்மா வாசல் வெயிலில் பாயை விரித்து, துணிகளைப் பரப்பி, ஒவ்வொரு பாகத்தையும் இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தார். நான் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதும் இதும் ஒண்ணா?"

"ஒண்ணுதானுங்கம்மா."

"நல்லாப் பாரு. இது கொஞ்சம் செவந்த நீலம்."

எனக்குத் தெரியவில்லை.

"இத்தனை படிச்சும் உனக்கு ஒரு நீலந்தான்," என்று அம்மா சிரித்தார். என்னைத் தேற்றத்தான் சிரிக்கிறாரோ என்று இருந்தது. நான்கு நீலம் இருக்கிறது என்றார். சாயங்காலத்துக்குள் ஐந்து என்றார். இரண்டாம் நாள் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வெயில் என்றார்.

தைத்துக் கொடுத்தார். கொடுத்த நான்காம் நாள் சரக்கு மொத்தமும் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது.

4. குமாரண்ணன் வந்தார்

குமாரண்ணன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"கம்பெனியில லைட் பாக்ஸ்ல வெச்சுப் பாத்திருக்காங்கக்கா. பாதிக்கு மேல ஷேடு. கை ஒரு கலரு, ஒடம்பு ஒரு கலரு. என்னுங்க ஆச்சு?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து தடுப்பைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், குனிந்து டிராயரை இழுத்து லேபிளில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"வேலை நல்லாப் பண்ணிருக்கீங்க தம்பி. ஊடு பளிச்சுனு இருக்குது," என்றார். கேலி இல்லை. பிறகு அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா தைக்கறதுக்கு முன்னாலயே துணி வெட்டுன கட்டிங் மாஸ்டரையே கூட்டியாந்து ரோல் ரோலாப் பிரிச்சிருப்பேன். தச்ச பொறகு என்னுங்க பண்றது? நீங்க மறைப்பீங்கனு நான் நெனைக்கலீங்க."

பதினான்கு வருடத்தில் அம்மா அவரிடம் ஒரு பீஸ்கூட மறைத்ததில்லை. மறைத்தது என்னை.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கக்கா," என்று போனார். அடுத்த வாரம் பண்டல் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு சரக்கு ஆட்டோவுடன் வந்தார். "சேவூர்ல ஒரு ஊட்டுல மெஷின் கேட்டிருக்காங்க. இங்க சும்மாதான நிக்குது. எடுத்துட்டுப் போறனுங்க." அம்மா தானே மெஷினைத் துடைத்து, நூலைக் கழற்றி, அதற்கு எண்ணெய் விடும் சிறு டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். நான் தனியாக அவர் யூனிட்டுக்குப் போய்க் கேட்டேன். "பாக்கலாமுங்க தம்பி," என்றார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். வேறு இரண்டு யூனிட்டிலும் கேட்டேன். அவர்களும் பார்க்கலாம் என்றார்கள்.

அறையின் போட்டோவை மேடம் என் போனில் பார்த்துவிட்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டார். சின்ன வீட்டில் நிம்மதியான பெட்ரூம் என்று தலைப்பு. இன்றும் அதைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று ஆட்கள் வருகிறார்கள். நான் செய்து கொடுக்கிறேன். அதில் மெஷின் நின்ற மூலை தெரியாது.

5. கற்றது

புதிதாக வருகிறவர்களுக்கு நான் இப்போது அளவு டேப்பை முதல் நாள் கொடுப்பதில்லை. போய் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரர்கள் ஒரு பொருளை எடுக்கும்போது முதலில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். நமக்குக் குப்பையாகத் தெரிவதைக் கையில் எடுத்து, இது என்னவென்று கேட்கச் சொல்கிறேன். தப்பு நடந்துவிட்டால், யார் தடுத்தாலும் அன்றைக்கே போய்ச் சொல்லச் சொல்கிறேன். நல்ல விதிகள்தான். எங்கள் வீட்டுக்கு இவை இனி உதவாது.

அம்மா ஒரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் ஹெல்பராகச் சேர்ந்தார். பகல் முழுக்க நின்றபடி வேலை. காலை ஏழரைக்கு வேன் வரும். அப்பா எட்டேகாலுக்கு வருவார். சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா கிளம்புவார், எட்டு மணிக்கு அம்மா வருவார். ஞாயிறு தவிர அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இரண்டு பேர் படுக்க நான் செய்த கட்டிலில் ஆள் மாற்றி ஆள் படுக்கிறார்கள்.

அப்பா நன்றாகத் தூங்குகிறார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது திரைக்குள் இருட்டாக, சத்தமே இல்லாமல், அறை நான் வரைந்தபடியே இருக்கும். அவருக்கு வேலை போகவில்லை. சூப்பர்வைசர் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லையாம்.

அம்மா வந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"அப்பா இன்னிக்கு நல்லாத் தூங்குனாரா கண்ணு?"

"தூங்குனாருங்கம்மா."

"அது போதும்," என்பார். சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் அவ்வளவு இடம் இருந்தும், அப்பா படுத்திருந்த பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார்.