ஏகநாதன் பார்க்காத கல்

தாம்பரம் மேற்கில் ரயில்வே கேட்டை ஒட்டி சலூன் வைத்திருந்த ஏகநாதனுக்கு வாயில்தான் சனி. இல்லாவிட்டால், பேத்திக்குப் பெயர் வைத்த அன்று அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

"கொயந்தைக்கு மொத மொட்டை என் கத்தியாலதான். ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சின்னா அன்னியோட கடைய மூடிட்றேன்."

கூடுவாஞ்சேரி சம்பந்தி சுப்பராயலுவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். சுப்பராயலுவுக்கும் அதே தொழில்தான். ஆனால் பாதி பிளேடு செருகும் கத்திக்கு எப்போதோ மாறிவிட்டவர். "பாக்கலாம் சம்பந்தி" என்று சிரித்துக்கொண்டார்.

பிளேடின் மூலை இளந்தோலில் குத்தும் என்பது ஏகநாதனின் கட்சி. அவருடைய பழைய சவரக்கத்திக்கு முனை உருண்டிருக்கும், வாய் பட்டாக வழுக்கும். அந்த வாயைக் கொடுத்தது, கடை வைத்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அவர் கத்தி தீட்டிய ஒரு கல். எண்பத்தேழாம் வருஷம், மொட்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லாத ஒரு திங்கட்கிழமை, அந்தக் கல் கைநழுவி விழுந்து மூன்றாக உடைந்தது. மரச்சட்டத்தை விட்டுத் தெறித்த துண்டுகளை, சோப்பு நுரையும் கறுப்பும் படிந்தபடியே அள்ளித் தகர டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. மார்க்கெட்டில் இரும்புக்கடை இரும்புக்கடையாக ஏறி இறங்கினார். எல்லோரும் அரிவாள்மணை தீட்டும் முரட்டுக் கல்லைத்தான் எடுத்துக் காட்டினார்கள். வீடு திரும்பினால் டப்பாவைக் காணோம்.

மனைவி செல்லியம்மாள் ஒரு தட்டில் பேரீச்சம்பழத்தை வைத்து நீட்டினாள். "ஒடஞ்ச சாமான வூட்ல வெச்சிக்கினா கொயந்தைக்கு மொட்டை போடுவ? ஏரியில போட்டுட்டேன். இத்த துன்னு" என்றாள். அவர் தின்றார்.

மறுநாள் முகச்சவரத்துக்கு வந்தவர் தோத்தாத்ரி, ரயில்வே ஆபீசில் ரிட்டயரானவர். எதைக் கேட்டாலும் படித்திருப்பார்.

"வெளிநாட்டுக் கல்லாத்தான் இருக்கும் ஏகநாதா. பெல்ஜியம் கல்லுன்னா மஞ்சள். ஜெர்மன் கல்லுன்னா கருநீலம்னு படிச்சிருக்கேன். உன்னோடது என்ன கலர்?"

ஏகநாதன் வாயைத் திறந்தார். "கறுப்பு சார்... இல்ல, அது கத்தி உட்ட கறுப்பு. உள்ள இன்னா கலருன்னு..." அந்தக் கல்லை அவர் காய்ந்து பார்த்ததே இல்லை. சட்டத்துக்குள் ஈரமாகவே கிடக்கும். ஆயுத பூஜை அன்று மட்டும் வெளியே வரும். அன்று தொழில்காரன் கருவியைத் தொடக் கூடாது. செல்லியம்மாள்தான் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, திரும்பவும் சட்டத்தில் பொருத்துவாள். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட கல்லுக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லையே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனார். பேரீச்சம்பழக்காரர்களிடம் பழைய சாமான் வாங்கி விற்கும் அசரியா, சாக்கின் மேல் ஏழு கற்களைப் பரப்பினான். ஏகநாதன் ஒவ்வொன்றாக எச்சில் தொட்டுத் தேய்த்தார், நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க எல்லாம் சரி போலவும் இருந்தது, எதுவும் சரியில்லை போலவும் இருந்தது. கறுப்பாக வழவழவென்று ஒன்று. அதில் தங்கக் கோடுகள் மின்னின, ஆசாரியின் உரைகல். ஒன்று சந்தனம் அரைக்கிற கல். நீலமாக இரண்டு சின்னத் துண்டுகள். "பள்ளிக்கூடப் பசங்க ஒடச்ச சிலேட்டா? இதெல்லாம் ஒரு கல்லா?" என்று புரட்டிக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போட்டார். கடைசியில் கையளவு கல் ஒன்று அகப்பட்டது. மேலே வெளிர் மஞ்சள், அடியில் நீலம்.

"ரெண்டு கல்ல ஒட்ட வெச்சிகிறியா?"

"ஃபாரின் கல்லுண்ணா. பொறப்பே அப்டிதான்."

"எந்த ஊருது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சாக்கு மேல வெச்சி விக்கிறேன்?"

வாங்கிவந்து கடையில் தீட்டினார். கத்தி முழங்கை முடியைத் தொட்டதும் வழித்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. ஊர் பேர் தெரியாத கல், குழந்தையின் மண்டையில் காலை வாரினால்? தோத்தாத்ரி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒட்டின மாதிரியும் இருக்கு, ஒட்டாத மாதிரியும் இருக்கு" என்று தன்னால் ஆன உதவியைச் செய்தார். அந்த வாரம் ஏகநாதன் இரண்டு பேரைக் கீறிவிட்டார். கல்லைச் சந்தேகப்பட்டவர் கத்தியைச் சந்தேகப்பட்டார், பிறகு தன் கையையே சந்தேகப்பட்டார்.

மொட்டை நாளும் வந்தது. திருநீர்மலைக் குளக்கரையில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்துத் தலையை நனைத்தார்கள். ஏகநாதன் கத்தியை விரித்தார். கத்தி தலைக்குக் கிட்டே போய்ப் போய்த் திரும்பியது. எல்லோரும் பார்த்தார்கள்.

சுப்பராயலு ஒரு பிளேடைப் பாதியாக உடைத்தார். "வுடுங்க சம்பந்தி. நான் பாத்துக்கறேன்."

ஏகநாதன் கிட்டத்தட்டச் சரி என்றே சொல்லியிருப்பார். சம்பந்தியின் விரலிடையே இருந்த பிளேடைப் பார்த்தார். "இரு, ஒரு தபா தீட்டிக்கறேன். செல்லி, பையில கல்லு கீது, நனைச்சிக் குடு."

அதுவரை கடையிலேயே இருந்த அந்தக் கல்லைச் செல்லியம்மாள் அப்போதுதான் பார்த்தாள். புரட்டினாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், இது நம்ம கல்லுய்யா."

"பேஜார் பண்ணாத. அதான் ஏரியில போட்டியே."

"போடல. டப்பாவோட பேரீச்சம்பழக்காரனுக்குக் குடுத்துட்டேன். சொன்னா திட்டுவியேன்னு சொல்லல. அன்னிக்கி நீ துன்னியே, அந்தப் பழந்தான்." மஞ்சளும் நீலமும் சேரும் கோட்டை நகத்தால் சுரண்டினாள். "வருசா வருசம் இதும் மேலதான் பொட்டு வைப்பேன். தோ பாரு, குங்குமம் இன்னும் பூந்துகினு கீது."

நகக்கண்ணில் சிவப்பாக ஒரு துளி ஒட்டியிருந்தது.

அசரியா கறுப்பைக் கழுவி, உடைந்த முனையைத் தேய்த்துச் சமமாக்கியிருக்கிறான், அவ்வளவுதான். ஏகநாதனுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கத்தியைக் கல்லில் வைத்து எட்டு முறை இழுத்தார். தினம் காலையில் கேட்ட அதே சத்தம். கத்தி இந்த முறை நேராகத் தலைக்குப் போனது.

குழந்தை கொஞ்சம் அழுதாள், பிறகு குளத்து மீனைப் பார்க்க ஆரம்பித்தாள். மழித்து முடித்ததும் சுப்பராயலு மண்டையை இரண்டு தரம் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தமில்லை. உடைத்த பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏகநாதன் கல்லைத் துடைத்து வெயிலில் வைத்தார். நன்றாகக் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி ரெண்டு துண்டு இன்னா ஆச்சி?"

"அதுவும் அந்த டப்பாவுலதான் இருந்துச்சி."

சாக்கின் மேல் அவர் தூக்கிப் போட்ட இரண்டு சிலேட்டுத் துண்டுகள் நினைவுக்கு வந்தன.

"வெள்ளிக்கெயம சந்தைக்கு நீயும் வா செல்லி" என்றார். "எனுக்கு அடையாளம் தெரியாது."