மஞ்சள் நூல் குட்டி

"பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் டெய்லரம்மாவிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். தையல் மெஷினை நிறுத்த மாட்டார், நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். சட்டை தைக்க வந்தவர்கள் திருதிருவென விழிப்பார்கள். அது நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்களுக்கான கேள்வி என்று விளங்கச் சற்று நேரமாகும்.

வெட்டு மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. தாயில்லாமல் கிடக்கிற குட்டிகளை யாராவது அள்ளிக்கொண்டு வந்து அவர் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அவர் பேர் வைப்பதில்லை. "அது கூட்டிட்டுப் போறவங்க வேலை" என்பார். அடையாளத்துக்குக் கழுத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று ஒரு நூல், அவ்வளவுதான். எல்லாம் ஒரே பழைய போர்வையில் உருண்டு கிடக்கும். ஒன்று வீடு போகும்போது அந்தப் போர்வையில் ஒரு சாண் வெட்டிக் கூடவே கொடுத்தனுப்புவார். பழகின வாசனை பக்கத்தில் இருந்தால் புது இடத்தில் குட்டி அழாதாம்.

கட்டணத்தில் மட்டும் ஒரு பைசா குறையாது. தடுப்பூசிக்கும், ஆறாம் மாதம் செய்கிற கருத்தடை ஆபரேஷனுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கி, நேரே கால்நடை டாக்டரிடம் கட்டிவிடுவார். தெருநாய்க்குக் காசா என்று முகம் சுளிக்கிறவர்களிடம், "சும்மா குடுத்தா சும்மாதான் விட்டுட்டு வருவீங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்குவார். நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட இவ இவ்வளவு விசாரிக்கலையே என்பது அவர் கணவரின் தீராத குறை.

கடைசியாக வந்த ஐந்தில் நான்கு போய்விட்டன. மிஞ்சியது மஞ்சள் நூல், பின்னங்கால் ஒன்றை இழுத்து நடக்கிற பெட்டை. வருகிறவர்கள் எல்லாம் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். இதற்கிடையில் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் வேறு, மாதக் கடைசிக்குள் குட்டி போகாவிட்டால் நீங்கள் கடையைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். டெய்லரம்மா வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளூரப் பயம்தான். இருபது வருஷத்துக் கடை.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் கிடங்குக்காரர் ஒருவர் வந்தார். கால் எப்படி இருந்தால் என்ன, குரைத்தால் போதும் என்றார். கட்டணத்துக்கு மேலேயே தருவாராம், ஆபரேஷன் மட்டும் வேண்டாம். ரெண்டு ஈத்து குட்டி போட்டால் கிடங்கின் நாலு மூலைக்கும் காவல் ஆச்சு என்பது அவர் கணக்கு.

"அப்ப மிச்சக் குட்டிங்க?"

"அதுங்க எங்கயாவது பொழச்சுக்கும்."

"இதையும் அப்படிப் பொழச்சுக்கும்னுதாங்க யாரோ ரோட்ல விட்டாங்க" என்று அந்தக் காலைக் காட்டினார் டெய்லரம்மா. "குடுக்கறதுக்கில்ல."

கிடங்குக்காரர் போனபின் டெய்லரம்மா மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

பேண்ட் மடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு, இத்தனையும் கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் ஒரு பள்ளி வேன் டிரைவர். மெல்லத் தொண்டையைச் செருமினார். காலை டிரிப் முடிந்தால் மூன்று மணி வரை வீட்டில் தான்தான் என்று, கேட்பதற்கு முன்பே சொன்னார். கட்டணம் சரி, ஆபரேஷனும் சரி. வேறொருத்தராக இருந்தால் அப்போதே குட்டியைத் தூக்கிக் கையில் திணித்திருப்பார். கெடு கழுத்தை நெரித்தும் டெய்லரம்மா மசியவில்லை. மறுநாள் டிரைவர் வீட்டுக்கே போய், வாசல் கேட்டுக்கு அடியிலிருந்த இடைவெளியை டேப் வைத்து அளந்தார்.

"அஞ்சு இஞ்ச். புகுந்து ரோட்டுக்கு வந்துரும். பலகை அடிச்சிட்டு வாங்க."

அதற்கடுத்த நாள், பலகை அடித்த கேட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு டிரைவர் வந்து நின்றார். படத்தைப் பெரிதாக்கி ஆணி வரை பார்த்த பிறகே குட்டி கைமாறியது. டெய்லரம்மா கத்தரிக்கோலை எடுத்துப் போர்வையை விரித்தார். நாலு துண்டு போய், மிச்சம் இரண்டு சாண்தான் இருந்தது.

"மொத்தமாவே குடுத்துருங்களேன்க்கா. இனிமே பெட்டியில யாரு இருக்கா?"

டெய்லரம்மா சரிபாதியாக வெட்டி, ஒரு துண்டைக் குட்டிக்குப் போர்த்திவிட்டார். மற்றதை உதறாமல், ஒட்டியிருந்த முடியோடு மடித்து, நூல் சுற்றிய பாபின் வைக்கிற இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.