வெந்நீர்க்காரி

இண்டூர்ச் சென்னம்மாளுக்கு முப்பது வயதாவதற்குள் தாலி போய்விட்டது. அண்ணன் வீட்டில் ஒதுங்கினாள். அங்கே வேலைக்குக் கணக்கில்லை, சோற்றுக்கு மட்டும் கணக்கு இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், தர்மபுரியில் ஒரு சின்னப் பிரசவ விடுதியில் மருத்துவச்சி வேலை கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். தேறினால் சொந்தச் சோறு. தேறுவதற்குத் தன் கையால் பிரசவம் பார்த்திருக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

பிள்ளை பெறுகிற வீட்டில் விதவை முகத்தில் விழிக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டாரோ, அவர் நிச்சயம் பிள்ளை பெற்றவர் இல்லை. வேலை கற்றுத் தந்த விடுதி நர்சம்மாவோடு எந்த வீட்டுக்குப் போனாலும், சென்னம்மாளின் வெறுங்கழுத்தைப் பார்த்ததும், "அந்தம்மா வெளிய இருக்கட்டுங்க" என்பார்கள். அவள் கொல்லைப் பக்கம் போய் வெந்நீர் வைப்பாள், ரத்தத் துணி அலசுவாள். உள்ளே குழந்தை வீறிடும்போது அவள் கையில் விறகு இருக்கும். கூடப் படித்தவர்கள் அவளுக்கு வெந்நீர்க்காரி என்று பெயர் வைத்தார்கள். நர்சம்மா நல்லவர்தான், ஆனால் ஊரோடு மல்லுக்கு நிற்கிறவர் இல்லை. "வேற வேல எதாச்சும் பாத்துக்க சென்னம்மா" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்காக வாய் திறந்தவள் ஹமீதுன்னிசா ஒருத்திதான். அவளும் அங்கே படித்தவள். புருஷன் கரீம் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தான். லீவில் வந்து போனதில் அவள் மாசமாக இருந்தாள். தான் பார்த்த பிரசவத்தையெல்லாம் சென்னம்மாளுக்குச் சொல்லித் தருவாள். தன் வயிற்றின் மேலேயே அவள் கையை எடுத்து வைத்து, "அக்கா, இது தலை, இது முதுகு, அமுத்திப் பாருங்க" என்பாள்.

ஒரு நாள் சென்னம்மாள் ஊருக்கு மூட்டை கட்டினாள். ஹமீதுன்னிசா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் பிரசவத்த நீங்கதான் பாக்கணும். ஆரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

"வேண்டாம் ஹமீது. எதாச்சும் ஒண்ணு ஆனா எந்தலையிலதான் விழும்."

"ஒண்ணும் ஆவாதுக்கா."

தாய் ஷகிலாவின் வீட்டில் பிரசவம். நர்சம்மா பக்கத்தில் நிற்க, பெண் குழந்தை சென்னம்மாளின் கையில் வந்து விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. நர்சம்மா ஊசி போட்டார். சென்னம்மாள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "குளுருதுக்கா" என்றாள் ஹமீதுன்னிசா. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டாள்.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? ஊசி போட்ட நர்சம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தாலியறுத்தவள் கை பட்டது, பெற்றவள் போய்விட்டாள், அவ்வளவுதான். கொடுமை என்னவென்றால், சென்னம்மாளும் அதை நம்பினாள். அந்தக் கையால் சோறு அள்ளி வாயில் வைக்கவே அவளுக்குக் கூசியது. அண்ணன் வீட்டுக்குத் திரும்பவும் முகமில்லாமல், விடுதியில் துணி அலசிக்கொண்டு கிடந்தாள்.

சில மாதம் போயிற்று. ஒரு காலை, ஷகிலா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு துவைக்கிற கல்லருகே வந்து நின்றாள்.

"என் சின்ன மகளுக்கு வலி கண்டிருக்கு. வாம்மா."

சென்னம்மாள் நிமிரவில்லை. "நர்சம்மாவ கூட்டிட்டுப் போங்கம்மா. என் கை வேண்டாம்."

"அவங்களும் வராங்க. நீயும் வா."

"ஊரு சொல்றது உங்க காதுல விழலீங்களா?"

"ஊரா அங்க இருந்துச்சு? நான் இருந்தேன். உசுரு போயிருச்சு, கைய எடுன்னு நர்சம்மா சொன்னப்பறமும் நீ எடுக்கல. நாந்தான் உன் விரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தேன்."

சென்னம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சின்னவளின் வயிற்றில் கை வைத்ததும் தலையும் முதுகும் தெரிந்துவிட்டன. ஆண் குழந்தை பிறந்தது. ரத்தம் நின்றது. நின்றதா என்று அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

கை கழுவக் கொல்லைக்கு வந்தாள். ஷகிலா சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

"என் மூத்தவளுக்கும் இப்பிடியேதாம்மா பாத்த" என்றாள்.

சென்னம்மாள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஷகிலா அவள் கையைப் பிடித்து, விரலிடுக்கில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அழுதாள்.